வெள்ளைக் கப்பலும் ஒரு வாய்ப் பஞ்சாமிர்தமும்

பிள்ளையாருக்குச் சொல்லாமல் எதையும் செய்கிற பழக்கம் இரத்தினேஸ்வரிக்கு இல்லை. ஆடு வாங்கினாலும் சரி, அடுப்பு மாற்றினாலும் சரி, ஒழுங்கை திரும்புகிற முடக்கில் இருக்கிற அவருடைய கோயிலில் ஒரு தேங்காய் உடைத்துவிட்டுத்தான் மறுவேலை. புருஷன் சோமசேகரம் கட்டாருக்குப் போனபோதும் உடைத்தாள். அந்த மனுசன் அங்கே இன்னொருத்தியோடு குடித்தனம் நடத்துகிறான் என்று தெரிந்த பிறகும், நல்ல புத்தி வரட்டும் என்று உடைத்தாள். புத்தியும் வரவில்லை, மனுசனும் வரவில்லை. விடிய மூன்று மணிக்கு எழும்பி இடியப்பம் பிழிந்து, திருகோணமலைக் கடைகளுக்குக் கொடுத்து, இத்தனை வருசமும் மகளை வளர்த்தது இரத்தினேஸ்வரியின் இரண்டு கைகள்தான். ஆனால் கேட்டால் பிள்ளையார் வளர்த்தார் என்றுதான் சொல்வாள்.

மகள் தேனுகாவுக்கு இப்போது இருபத்தைந்து வயது. ஏழு வயதில், சண்டைக்குப் பயந்து ஒரு பள்ளிக்கூடத்தில் போய்த் தங்கியிருந்தபோது, குப்பி விளக்கு அவளுடைய சட்டையில் சரிந்துவிட்டது. தாய் அந்த நேரம் நிவாரண அரிசிக்கு வரிசையில் நின்றாள். பிள்ளை உயிர் தப்பியது பெரிய காரியம். ஆனால் வெந்த தோல் ஆற ஆறச் சுருங்கி, கழுத்தை முன்னுக்கு இழுத்துக்கொண்டு வந்து, நாடியை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டது. பதினெட்டு வருசமாக அவள் நிலத்தைப் பார்த்துத்தான் நடக்கிறாள். ஆட்களைக் காலை வைத்துத்தான் அடையாளம் பிடிப்பாள்.

வீட்டில் இருந்து சட்டை தைக்கிறாள். நல்ல கை. "தையல்காரிக்குத் தலை குனிஞ்சிருக்கிறதும் வசதிதான்" என்று சட்டை தைக்கக் கொடுத்த ஒருத்தி சிரித்துக்கொண்டே சொன்னாள். நாக்குக்கு நரம்பில்லை என்று சும்மாவா சொன்னார்கள்! தேனுகா அந்தச் சட்டையைத் தைத்து, பொத்தானும் கட்டி, மடித்துக் கொடுத்தாள். ஊர் ஆசுப்பத்திரிக்கு ஏறி இறங்கியும் பார்த்தாயிற்று. அங்கே கொழும்புக்குப் போகச் சொன்னார்கள். கொழும்பில் திகதி கொடுத்தார்கள், பிறகு அந்தத் திகதியைத் தள்ளினார்கள், பிறகு அந்த வைத்தியரே வெளிநாட்டுக்குப் போய்விட்டார்.

அப்படி இருக்கும்போதுதான் வெளிநாட்டுக் கடற்படை ஒன்றின் ஆசுப்பத்திரிக் கப்பல் துறைமுகத்துக்கு வந்தது. வெள்ளை வெளேரென்று, பக்கமெல்லாம் சிவப்புச் சிலுவையோடு, பத்து மாடிக் கட்டடத்தைத் தள்ளிக்கொண்டு வந்து தண்ணீரில் விட்டதுபோல் நின்றது. இரண்டு கிழமை நிற்கும், ஒப்பரேசன் எல்லாம் இலவசம் என்று கிராம சேவகர் சொன்னதாகப் பக்கத்து வீட்டுக் கமலேஸ்வரி ஓடிவந்து சொன்னாள். இரத்தினேஸ்வரி அன்றைக்கு இடியப்பத்துக்கு மாக் குழைக்கவில்லை. தேங்காய் உடைத்துவிட்டு, மகளையும் கூட்டிக்கொண்டு, கப்பல் வைத்தியர்கள் ஆட்களைப் பார்வையிடுகிற மைதானத்துக்குப் போய் வரிசையில் நின்றாள்.

வைத்தியர் உயரமான மனுசன். தேனுகாவின் முகத்தைப் பார்க்க அவர் நிலத்தில் முழங்கால் போட்டு இருந்தார். கழுத்துத் தோலை விரலால் நுள்ளிப் பார்த்தார், இழுத்துப் பார்த்தார். மொழிபெயர்க்க நின்றவள் கிண்ணியாப் பிள்ளை, சுஹைரா என்று பெயர்.

"செய்யலாமாம் அம்மா. நாலு மணித்தியால வேலையாம். தொடைத் தோலை எடுத்துக் கழுத்துக்கு வைப்பாங்களாம்" என்றாள் சுஹைரா. "வேற என்னவும் கேக்கணுமா?"

தேனுகாதான் கேட்டாள். "அண்ணாந்து தண்ணி குடிக்க ஏலுமோ எண்டு கேளுங்கோ."

வைத்தியருக்கு அது விளங்கவில்லை. வெளியாட்கள் வீட்டுச் செம்பில் வாய் வைத்துக் குடிப்பது எங்கள் ஆட்களுக்கு அழகில்லை. அண்ணாந்து, வாயில் படாமல் ஊற்றிக் குடிக்கவேண்டும். அது ஏலாததால் தேனுகா கலியாண வீட்டிலும் செத்த வீட்டிலும் தொண்டை காய்ந்துபோய் இருந்துவிட்டு வருவாள். சுஹைரா கையைக் காலை ஆட்டி இதை விளங்கப்படுத்தினாள். வைத்தியர் பக்கத்தில் இருந்த தண்ணீர்ப் போத்தலை எடுத்து, தலையைப் பின்னுக்குச் சரித்து, உயரப் பிடித்து ஊற்றினார். பாதி சட்டையில் ஊற்றுப்பட்டது. இருமிக்கொண்டே அவர் சொன்னதைச் சுஹைரா சொன்னாள். "தன்னை விட வடிவாக் குடிப்பீங்களாம்."

தேனுகா சிரித்தாள். மகள் பல்லுத் தெரியச் சிரித்து இரத்தினேஸ்வரி பார்த்து எத்தனை வருசம்! அவளுக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது.

புதன்கிழமைக்கு வரச் சொன்னார்கள். அதுதான் கப்பலில் வெட்டித் தைக்கிற கடைசி நாள். காலையில் முதல் ஆள் தேனுகா. "இரவு பன்னிரண்டு மணிக்குப் பிறகு ஒண்டும் வாயில படக்கூடாது அம்மா, பச்சைத் தண்ணி கூட" என்று சுஹைரா இரண்டு தரம் சொன்னாள்.

இரத்தினேஸ்வரி அதை விளையாட்டாக எடுத்தவள் இல்லை. செவ்வாய் இரவு குசினியைப் பூட்டித் திறப்பைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டாள். மகள் அரைத் தூக்கத்தில் குடித்துவிடுவாள் என்று தண்ணீர்க் குடத்தைத் தூக்கி வெளியே வைத்தாள். இவ்வளவும் செய்தவள், விடிய ஐந்து மணிக்கு மகளை முழுகவார்த்துப் பிள்ளையார் கோயிலுக்குக் கூட்டிப்போனாள். பிள்ளையின் பெயருக்கும் நட்சத்திரத்துக்கும் அபிசேகம் சொல்லி வைத்திருந்தாள். கத்தி வைக்கிற நாளில் கோயிலுக்குப் போகாமல் எப்படி?

பூசை முடிந்து ஐயர் வாழையிலைத் துண்டில் பஞ்சாமிர்தம் தந்தார். தாய் ஒரு விரலில் வழித்து மகளின் வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனாள். தேனுகா முகத்தைத் திருப்பினாள்.

"வேண்டாம் அம்மா. ஒண்டும் படக்கூடாதெண்டு சொன்னவை."

"விசரே உனக்கு? சாமிப் பிரசாதத்தை வேண்டாமெண்டு சொல்லாதை. இது சாப்பாடோ? கந்தசட்டிக்கு ஆறு நாளும் பட்டினி கிடக்கிற சனம் தீர்த்தமும் பிரசாதமும் எடுக்கிறேல்லையோ? ஆ காட்டு."

ஆ காட்டினாள். ஒரு விரல் இல்லை, நாலு விரல். இலையில் மிச்சம் வைக்கக்கூடாது, நிலத்தில் சிந்தக்கூடாது, கால் படக்கூடாது. அதனால் இலையை வழித்து முழுவதையும் பிள்ளையின் வாயில் கொடுத்து முடித்தாள்.

கப்பலில் எல்லாம் பளிச்சென்று இருந்தது. தேனுகாவுக்குப் பச்சைச் சட்டை போட்டு, கையில் பெயர்ப்பட்டி கட்டி, தள்ளுகட்டிலில் இருத்தினார்கள். மயக்க மருந்து கொடுக்கிற வைத்தியர் வந்தார். சுஹைரா கேட்டாள். "ஒண்டும் சாப்பிடல்லதானே அம்மா?"

"பச்சைத் தண்ணி குடுக்கேல்லை மகள்! குசினியையே பூட்டிப்போட்டன்" என்றாள் இரத்தினேஸ்வரி, பெருமையோடு. "கோயில்ல அபிசேகம் செய்து, அந்தப் பஞ்சாமிர்தம் மட்டும்தான் குடுத்தனான்."

சுஹைராவின் முகம் செத்துப்போயிற்று. நோன்பு பிடிக்கிற பிள்ளை, எச்சில் விழுங்கவே யோசிக்கிற பிள்ளை, அவளுக்கு உடனே விளங்கிவிட்டது. அவள் வைத்தியரைப் பார்த்தாள், இரத்தினேஸ்வரியைப் பார்த்தாள். சொல்லாமல் விட ஏலாது. சொன்னாள். என்ன சாமான் போட்டது என்று வைத்தியர் கேட்டார். வாழைப்பழம், பால், நெய், தேன், சர்க்கரை என்று அவள் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, வைத்தியர் கையில் இருந்த கடதாசியைக் கட்டிலில் வைத்துவிட்டார்.

மயக்கத்தில் சத்தி வந்து, வயிற்றில் உள்ளது நெஞ்சுக்குள் இறங்கினால் ஆள் தப்பாது, அதுவும் இந்தக் கழுத்தோடு. எட்டு மணித்தியாலம் பொறுக்கவேண்டும். அந்த எட்டும் ஒப்பரேசனுக்கு நாலும் பன்னிரண்டு. பின்னேரம் நாலு மணிக்கு அவர்கள் எல்லாவற்றையும் கட்டி மூடுகிறார்கள். இரத்தினேஸ்வரி காலில் விழுந்தாள். வைத்தியர் அவளைத் தூக்கி நிறுத்திவிட்டு, தானும் கண்ணைத் துடைத்தார். குச்சவெளியில் இருந்து குடலிறக்கத்துக்கு வந்த ஒரு மனுசனைத் தேனுகாவின் இடத்துக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். தேனுகா தானே இறங்கி, பச்சைச் சட்டையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு வந்தாள்.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்கமாட்டான் என்பார்கள். இங்கே பூசாரி அள்ளி அல்லவா கொடுத்தார்! ஐயரையும் குறை சொல்ல ஏலாது, அந்த மனுசனுக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்தும் கொடுத்தவள் தாய் ஒருத்திதான்.

வெள்ளிக்கிழமை காலை கப்பல் வெளிக்கிட்டது. இரண்டு நாளாகத் தேனுகா தாய்க்கு முதுகைக் காட்டியே இருந்தாள். தைத்தாள், சாப்பிட்டாள், படுத்தாள். இரத்தினேஸ்வரி மாக் குழைக்கவும் இல்லை, கோயில் பக்கம் போகவும் இல்லை. வெள்ளிக்கிழமையில் அவள் கோயிலுக்குப் போகாதது, அவளுக்குத் தெரிய இதுதான் முதல் தரம். கப்பல் போகிறதைப் பார்க்கச் சனம் எல்லாம் போகிறது என்று கமலேஸ்வரி கூப்பிட்டபோது, அவள் ஏலாது என்றுதான் சொல்ல வாயெடுத்தாள். தேனுகா தையல் மெசினை மூடிவிட்டுச் செருப்பைப் போட்டாள். அதனால் தாயும் பின்னால் போனாள்.

உட்துறைமுக வீதியில் சனம் நிரம்பி வழிந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் கொடி வைத்திருந்தார்கள். மூதூருக்குப் போகிற படகை ஒரு பக்கமாக மறித்து வைத்திருந்தார்கள். மீன் வள்ளங்கள் கரையோடு ஒதுங்கி நிற்க, சீமெந்துக் கப்பல் ஒன்று தன்பாட்டில் புகைத்துக்கொண்டு நின்றது. இரண்டு இழுவைப் படகுகள் அந்த வெள்ளை மலையை இழுத்துத் திருப்பின. மேல்தட்டில் வெள்ளை உடுப்புக்காரர் வரிசையாக நின்று கை காட்டினார்கள். "ரத்தினக்கா, அந்த நெட்டை டொக்டரும் நிக்கிறார்போல" என்றாள் கமலேஸ்வரி.

தேனுகா கம்பி வேலியை இரண்டு கையாலும் பிடித்து, இடுப்பில் இருந்து உடம்பு முழுவதையும் பின்னுக்கு வளைத்தாள். அவளுக்கு மேலே பார்க்கவேண்டுமென்றால் அப்படித்தான். சனம் கப்பலை விட்டு அவளைப் பார்த்தது. விழுந்துவிடப் போகிறாள் என்று தாய் முதுகில் கை கொடுத்தாள். தேனுகா அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

கப்பல் மூன்று தரம் ஊதியது. பிள்ளைகள் கத்தினார்கள். அது துறைமுக வாயைத் தாண்டிக் கொட்டியாரக் குடாவில் இறங்கி, சின்னதாகி, பிறகு மலைக்கு அங்காலே போய் மறைந்தது. மூதூர்ப் படகு உடனே புறப்பட்டது. சனமும் கலைந்து போயிற்று.

பொய் சொல்லியிருக்கலாமோ என்று இரத்தினேஸ்வரி ஆயிரம் தரம் யோசித்துவிட்டாள். பொய் சொல்லியிருந்தால் பிள்ளை செத்திருப்பாள். உண்மையைச் சொன்னதாலும் பிள்ளைக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. எங்கே தொட்டாலும் தன் கைதான் வந்து நின்றது, அந்த நாலு விரல்தான். அவளுக்கு மார்பில் அடித்துக்கொண்டு கத்தவேண்டும்போல் இருந்தது. ஆனால் நடுவீதியில் நின்று கத்த ஏலுமோ?

"பிள்ளை, அவை திரும்பவும் வருவினம் எண்டு சொல்லுகினம்" என்றாள் கடைசியாக. யாரும் அப்படிச் சொல்லவில்லை. "ரெண்டு வருசமோ, மூண்டு வருசமோ. கட்டாயம் வருவினம். அப்ப நாங்கள் முதல் ஆளாப் போவம், என்ன?"

தேனுகா வேலிக் கம்பியை விட்டாள். தாயின் கால்களைப் பார்த்தபடி, கோபம் இல்லாமல், சட்டை அளவு சொல்கிற குரலில் சொன்னாள்.

"வந்தால் நான் தனியப் போறன் அம்மா. நீங்கள் வரக்கூடாது."

"ஓம் பிள்ளை" என்றாள் இரத்தினேஸ்வரி.