விசில் அண்ணனின் அணி

பேச்சு சூடுபிடித்ததும் கத்தரிக்கோல் நின்றுவிடும். ஒரு காதுப் பக்கம் வெட்டியும் மறு பக்கம் வெட்டாமலும் நான் உட்கார்ந்திருப்பேன். முடிதிருத்தும் விசில் அண்ணன் என் தலைக்கு மேலே வங்கிக்கார சாரோடு மல்லுக்கு நிற்பார். மைதானத்தில் இரண்டு விரலை வாயில் வைத்து அவர் அடிக்கும் விசிலால் வந்த பெயர் அது.

எங்கள் தீவு தனி நாடு இல்லை. கடலுக்கு அப்பால் இருக்கும் பெரிய நாட்டின் கொடிதான் இங்கேயும் பறக்கிறது. கால்பந்துக்கு மட்டும் சொந்த அணி உண்டு. போகிற இடமெல்லாம் உதை வாங்கிக்கொண்டு வரும்.

“தனி நாடே இல்ல, தனி டீம் எதுக்குப்பா?” என்று வங்கிக்காரர் சீண்டுவார்.

“ஏன் சார், தனிக்குடித்தனம் போகலேன்னா பெத்த பிள்ளைக்குப் பேர்கூட வைக்கக் கூடாதா?”

கடையே சிரிக்கும். அந்த நாற்காலிகளுக்கு நடுவில் அவரை ஜெயித்தவர் கிடையாது.

போன சனிக்கிழமை அவருக்கே சிரிப்பு வரவில்லை. எங்கள் பெண்கள் அணியின் கோல்கீப்பர் அவர் மகள். பெரிய நாட்டு அணி அவளைக் கூப்பிட்டிருந்தது. அவர்கள் சட்டையைப் போட்டு ஒருமுறை ஆடிவிட்டால் மறுபடி தீவுக்கு ஆட முடியாது. மாட்டேன் என்றால் இப்படியொரு வாய்ப்பு இன்னொரு தரம் வராது. மாலைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

சீப்புகளுக்கு நடுவே கிடந்த கைபேசியை நொடிக்கொரு தரம் பார்த்தார். தெருவில் சைக்கிள் மணி அடித்தாலும் திடுக்கிட்டார். சவரக்கத்தி என் காதோரம் இருந்ததால் நானும் நாற்காலிக் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

“பேசிப் பேசியே அவ காலைக் கட்டிப்போட்டுட்டேனோ தம்பி?” என்று மெதுவாகக் கேட்டார்.

கைபேசி அடித்தது. கையெல்லாம் சோப்பு நுரை, ஸ்பீக்கரில் போட்டார்.

“அப்பா, நான் நம்ம டீம்லயே இருந்துடறேன். அதானே உங்களுக்கும் பிடிக்கும்?”

அவர் எங்களை ஒரு சுற்றுப் பார்த்தார். அத்தனை பேரும் அவர் பேச்சுக்குக் கைதட்டியவர்கள்.

“போயிடு கண்ணு,” என்றார். “அவங்களுக்கே ஆடு. அப்பா கடையில பேசறதெல்லாம் கடையோட இருக்கட்டும்.”

சவரம் முடிந்தவர்களுக்கு முகம் துடைக்கும் ஈரத்துண்டை எடுத்து, அண்ணன் தன் முகத்தில் பொத்திக்கொண்டார். வெகுநேரம் அதை எடுக்கவேயில்லை.