நகரும் பாலத்துக்கு முளை இறங்கிய காலை

அறுபதுகளின் தொடக்கத்தில் நெய்வேலிச் சுரங்கத்தில் எனக்கு அளவெடுக்கும் வேலை. மண்ணை வெட்டும் பெரிய இயந்திரத்தையும் அந்த மண்ணை வாங்கிக்கொண்டு போகும் பெல்ட்டையும் இணைக்க ஓர் இரும்புப் பாலம் கட்டிக்கொண்டிருந்தோம். ஆற்றுப் பாலம்போல அது ஓரிடத்தில் நிற்காது. இயந்திரம் நகர நகர, சங்கிலிச் சக்கரங்களின் மேல் அதுவும் கூடவே நகர வேண்டும். நீளம் ஐந்தாறு லாரிகளை வரிசையாக நிறுத்தினாற்போல இருக்கும்.

ஒரு முனையை இயந்திரத்தோடு பூட்டியாகிவிட்டது. மறுமுனையைத் தாங்கும் சக்கர வண்டியை, முந்தின நாள் விடியற்காலையில் நான் அளந்து குறித்த இடத்தில் நிறுத்தியிருந்தார்கள். பாலத்தின் துளையும் வண்டியின் துளையும் நேரே வந்ததும், தொடைப் பருமனுள்ள எஃகு முளையை அடித்து இறக்க வேண்டும்.

சித்திரை வெயிலில், நண்பகல் வாக்கில், முளையைத் தூக்கி வைத்தார்கள். இறங்கவில்லை. துளைகள் விரல் பருமனுக்கு விலகியிருந்தன.

"துளையை அறுத்துப் பெரிசாக்கிடலாம் சார்," என்றார் ஃபோர்மேன். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எஃகு நாடாவால் பாலத்தை மறுபடி அளந்தேன். அளவு முந்தின நாள் எழுதியபடியே இருந்தது. எங்கே தவறினேன் என்று தெரியவில்லை.

பக்கத்தில் புதுக் கான்கிரீட்டின் மேல் சாக்கு விரித்துத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த கான்ட்ராக்ட் தொழிலாளி ஒரு பெண். என் வயதுதான் இருக்கும். அவள் சொன்னாள்: "காத்தால அந்த ஓட்டைல வானம் முழுசாத் தெரிஞ்சுதுங்க. வெயில் ஏற ஏற மூடிக்கினு வருது."

"உன் வேலையைப் பாரும்மா," என்றார் ஃபோர்மேன்.

எங்களோடு நின்ற இன்ஜினியர் அவரைக் கையமர்த்தினார். "இரும்மா. நேத்தும் பாத்தியா?"

"நேத்தும் அப்படித்தாங்க. பொழுது சாஞ்சப்புறம் தெறந்துக்குது."

இன்ஜினியர் பாலத்தின் மேல் உள்ளங்கையை வைத்து, சுட்டதும் வெடுக்கென்று எடுத்தார். பிறகு சிரித்துவிட்டார். "இரும்பு வெயில்ல நீளும்னு படிச்சவங்க நாம. கண்ணால பாத்தது இவங்க." என் பக்கம் திரும்பி, "உன் நாடாவும் இரும்புதானேப்பா? அதுவும் சேந்து நீண்டிருக்கு. தப்பு உன்மேல இல்ல," என்றார். அறுக்கும் பேச்சு அத்தோடு நின்றது.

மறுநாள் கிழக்கு வெளுக்கும்போதே கூடிவிட்டோம். "நீங்களே பாத்துச் சொல்லுங்கம்மா," என்றார் இன்ஜினியர். முதல்நாள் ஒருமையில் பேசியவர்தான். அவள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏணியில் ஏறி, அடியிலிருந்து துளையில் கண்ணை வைத்தாள்.

"முழுசாத் தெரியுதுங்க. கொக்கு போவுது."

சம்மட்டி நாலைந்து முறை விழுந்தது. முளை வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. ஃபோர்மேன்தான் முதலில் கை தட்டினார்.

சொன்னதைக் காதில் வாங்கிய இன்ஜினியர்மேல் எனக்கு மதிப்பு உண்டு. யாரும் கேட்காமலே இரண்டு நாள் அதைக் கவனித்திருந்தவள்மேல் அதைவிட அதிகம். "அதைப் போய் ஏன் பாத்தீங்க?" என்று கேட்டேன்.

"இம்மாம் பெரிசு நடக்கப் போவுதுன்னாங்க. எப்படி நடக்கும்னு பாத்துகினே இருந்தேங்க."

சில மாதங்கள் கழித்துப் பாலம் முதன்முதலாக நகர்ந்தது. எறும்பு வேகம்தான். எங்கள் கூச்சலுக்கு நடுவே அவள் அதன் பக்கவாட்டில், அது போகிற வேகத்திலேயே நடந்துகொண்டிருந்தாள்.