கோச்சம்மாவைச் சுற்றி ஆறு சுற்று

கோச்சம்மா என்னிடம் முதன்முதலில் பேசியது உப்புமாவைப் பற்றித்தான். அந்தமானில் ஒரு சின்னத் தீவு. அங்கே பாய்மரப் படகு ஓட்டச் சொல்லித்தரும் பள்ளிக்கூடத்தில் சமையல்காரனாக நான் போய் இறங்கிய மறுநாள் காலை அது. கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு படகின் முதுகில் உட்கார்ந்து, தட்டை மடியில் வைத்துக்கொண்டு, ஈரத் தலையோடு சாப்பிட்டுக்கொண்டிருந்த பெண் ஒருத்தி, "மாஸ்டரே, இது உப்புமாவா, படகு ஓட்டைய அடைக்கிற பசையா?" என்றாள். கேட்டுவிட்டு இரண்டாம் தடவையும் வாங்கித் தின்றாள். வயது இருபத்திரண்டுக்கு மேல் இராது. என் மூத்த பெண்ணைவிட ஒரு வயது சின்னவள். சென்னை காசிமேட்டில் மீனவர் வீட்டுப் பெண். படகு சொல்லிக்கொடுக்கிறவள் என்று தெரிந்த பிறகு பேர் சொல்லிக் கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. கோச்சம்மா என்றேன். அதுவே நிலைத்துவிட்டது.

எனக்கு ஊர் உத்திரமேரூர் பக்கம். எட்டாவது வரைக்கும் படித்தேன். அதற்கப்புறம் கரண்டி பிடித்தவன், கல்யாணச் சமையலிலேயே முப்பது வருஷம் ஓடிப்போயிற்று. தண்ணீர் எனக்குப் புதிதில்லை. கிணற்றில் குதித்து நீச்சல் பழகினவன், ஏரி நிரம்பினால் தண்ணீர் வழியும் கலங்கலில் போய் நின்று குளித்தவன். ஆனால் கடல் என்றால், மாசி மகத்துக்கு மாமல்லபுரம் போய் முழங்கால் வரைக்கும் நனைத்ததோடு சரி. தெரிந்தவர் ஒருவர் மூலம் இந்த வேலை வந்தபோது பெருமாள்தான் அனுப்புகிறார் என்று கிளம்பிவிட்டேன். போய்ப் பார்த்தால் அந்தத் தீவில் கோயிலே இல்லை. படகேறி இன்னொரு தீவுக்குப் போனால்தான் உண்டு. தினமும் பிராகாரம் சுற்றிப் பழகிய காலுக்கு அது பெரிய குறையாக இருந்தது. அதனால் விடியற்காலையில் குளித்து, திருமண் இட்டுக்கொண்டு, சமையற்கட்டின் நடுவில் ஒரு ஸ்டூலைப் போட்டுப் பெருமாள் படத்தை அதன்மேல் வைத்து மூன்று தரம் வலம் வருவேன். பிறகுதான் அடுப்பு. படகு பழக வந்த பிள்ளைகள் ஜன்னல் வழியாக அதை வேடிக்கை பார்ப்பார்கள். கோச்சம்மாவும் பார்த்திருக்கிறாள். ஒரு நாளும் கேலி செய்ததில்லை. அவள் கேலியெல்லாம் உப்புமாவோடு சரி.

அவள் அப்போது உதவிக் கோச் மட்டும்தான். முழுக் கோச் ஆவதற்கு ஒரு பரீட்சை இருந்தது. கடலே தெரியாத, வயது வந்த ஆள் ஒருவரை மூன்று வாரத்தில் அவள் தயார் செய்ய வேண்டும். அந்த ஆள் தனியாகப் படகை எடுத்துப்போய், கடலில் மிதக்கும் மூன்று ஆரஞ்சுப் பந்துகளைச் சுற்றி மூன்று சுற்று வந்து காட்ட வேண்டும். பார்த்து எழுதிப்போக வெளியிலிருந்து ஒரு அதிகாரி வருவார். தேறினால் அவள் அங்கேயே கோச். தேறாவிட்டால் வேறொருவரைக் கொண்டுவருவோம், நீ ஊருக்குப் போகலாம் என்று பள்ளியில் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். அவளிடம் படகு பழக வந்த பெங்களூர்க்காரர் இரண்டாம் நாளே காய்ச்சலோடு திரும்பிப் போய்விட்டார். அந்தத் தீவில் கடல் தெரியாத ஆள் இனி யார் என்று தேடினால், பாத்திரம் கழுவுகிறவர் உட்பட எல்லோரும் கடலிலேயே பிறந்தவர்கள் மாதிரி இருந்தார்கள்.

அன்று சாயங்காலம் சமையற்கட்டு வாசலில் வந்து நின்றாள். "மாஸ்டரே, உனக்கு ஒண்ணுமே தெரியாது இல்ல?" என்று அவ்வளவு ஆசையாகக் கேட்டாள்.

"சத்தியமா ஒண்ணும் தெரியாதும்மா."

"அப்போ நீதான் ஆளு."

வீட்டுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன். என் மனைவி சிரித்த சிரிப்பில் போனே அதிர்ந்தது. "இன்னாது, கப்பல் ஓட்டப் போறியா? வூட்ல கீற சைக்கிளையே நேரா ஓட்டமாட்ட நீ" என்றாள். மூத்த பெண் ஏழாம் மாசம், நல்லா கீறா, நீ தண்ணிகிட்ட பார்த்து இரு என்றும் சொன்னாள்.

அந்த மூன்று வாரம் மாதிரி ஒரு சந்தோஷம் எனக்குக் கல்யாணமான புதிதில்கூட இருந்ததா என்று தெரியவில்லை. மதியச் சாப்பாடு முடிந்து பாத்திரங்களைக் கவிழ்த்ததும் கோச்சம்மா விசிலடிப்பாள். மிதவைச் சட்டையை மாட்டிக்கொண்டு ஓடுவேன். ஒரு ஆள் உட்காரும் குட்டிப் படகு, ஒரே பாய். இடது கையில் பாயை இழுக்கும் கயிறு, வலது கையில் சுக்கான் கட்டை. முதல் மூன்று நாள் நான் உட்கார்ந்த நேரத்தைவிடக் கவிழ்ந்த நேரம்தான் அதிகம். பாயின் அடிக்கட்டை திரும்பும்போது தலையைக் குனியாமல் இருந்து நெற்றி புடைத்ததும் உண்டு. நாமத்தோடு கடலுக்குப் போவேன், நாமம் இல்லாமல் கரைக்கு வருவேன். காற்று எங்கிருந்து வருகிறது என்று முகத்தால் தெரிந்துகொள்ளச் சொன்னாள். அது மட்டும் எனக்குச் சுலபமாக வந்தது. விறகு அடுப்பில் புகை எந்தப் பக்கம் திரும்பும் என்று முப்பது வருஷம் கண் எரியப் பார்த்தவன் இல்லையா. "அடுப்புக்காரனுக்குக் காத்து தெரியுது பாரு" என்று அவள் கரையில் இருந்தவர்களிடம் பெருமையாகச் சொன்னாள். ஒரு நாள் பாய் சரியாக நிரம்பி, படகு ஒரு பக்கம் சாய்ந்து, என் கை அசைவுக்கு அது அப்படியே கேட்டுக்கொண்டு ஓடியது. நாராயணா என்று வாய்விட்டுக் கத்தினேன். இன்ஜின் இல்லை, துடுப்பு இல்லை, சத்தமே இல்லை. தேரைத் தள்ளாமல் பெருமாளே இழுத்துக்கொண்டு போகிற மாதிரி இருந்தது.

எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது பந்தைச் சுற்றுவது மட்டும் வரவில்லை. மூன்று பந்துகளையும் இடது கைப் பக்கம் வைத்துக்கொண்டு சுற்ற வேண்டும் என்பது சட்டம். நான் நேராகப் போவேன், பந்து கிட்டே வரும், கை தானாகப் படகைத் திருப்பி அதை வலது கைப் பக்கம் கொண்டுவந்துவிடும். அப்படியே வலமாகச் சுற்றி வருவேன். எதிரே சரியாக வருகிற பிள்ளைகளின் படகில் இரண்டு தரம் போய் இடித்தேன். ஏன் என்று கோச்சம்மா கேட்டால், காத்து தள்ளிடுச்சும்மா என்பேன். அது பொய். பெருமாள் முன்னாலும் இதை ஒத்துக்கொண்டுவிட்டேன்.

அவள் அதை நம்பினாள். காற்று தள்ளுகிறதென்று கயிற்றை மாற்றிக் கட்டினாள். சுக்கானைக் கழற்றி மாட்டினாள். வேறு படகு கொடுத்தாள். மணலில் மூன்று வாளிகளைக் கவிழ்த்து வைத்து என்னை நடக்கச் சொன்னாள். அங்கேயும் நான் வலமாகத்தான் நடந்தேன். பரீட்சைக்கு இரண்டு நாள் இருக்கும்போது, இரவுச் சாப்பாட்டுக்கு நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த இடத்துக்கு வந்து எதிரே உட்கார்ந்தாள். ஒரு வெங்காயத்தை எடுத்து உரித்தாள். "உன் மேல தப்பில்ல மாஸ்டரே. எனக்குத்தான் சொல்லித்தரத் தெரியல. நாளைக்கே ஆபீஸ்ல சொல்லிட்டு கெளம்பிடறேன்" என்றாள். வெங்காயத்தாலா வேறெதாலா என்று தெரியவில்லை, அவள் கண் நிறைந்திருந்தது.

கத்தியைக் கீழே வைத்துவிட்டேன். இனிமேலும் மறைத்தால் அது பாவம். எங்கள் பக்கத்தில் ஒரு ஆள் இடமாகச் சுற்றி வருவது ஒரே ஒரு இடத்தில்தான் என்று அவளுக்குச் சொன்னேன். என் நைனா போனபோது, தோளில் தண்ணீர்க் குடத்தை வைத்துக்கொண்டு சுடுகாட்டில் அவரை மூன்று தரம் இடமாகச் சுற்றினேன். அதற்கு முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை, நான் எதையும் அப்படிச் சுற்றி வந்ததில்லை. "ஊர்ல பொண்ணு வயித்துப் புள்ளையோட கீறா. என் கை வரமாட்டேங்குதும்மா" என்றேன். சொல்லிவிட்டு, இனி இவள் சிரிப்பாள் அல்லது கோபப்படுவாள் என்று காத்திருந்தேன்.

இரண்டும் இல்லை. உரித்த வெங்காயத்தைத் தட்டில் வைத்துவிட்டு ரொம்ப நேரம் யோசித்தாள். அவள் வீட்டிலும் புதுப் படகைக் கடலில் இறக்கும் முன் கற்பூரம் ஏற்றாமல் இருக்கமாட்டார்கள். அமாவாசைக்கு இந்தச் சமையற்கட்டு வாசலில் நான் பூசணிக்காய் சுற்றி உடைப்பதையும் அவள் பார்த்திருக்கிறாள்.

"பூசணிக்கா எப்டி சுத்துவ மாஸ்டரே?"

"வலமா மூணு, இடமா மூணு."

"இடமா சுத்துறியே, அது கெட்டதுக்கா?"

"சேச்சே. அது திருஷ்டி கழியறதுக்கு."

"அப்போ எனக்குக் கழி. ரெண்டு வருசமா என் மேல எவ்ளோ கண்ணு கீது தெரியுமா? மீன்காரன் பொண்ணு கோச்சாவறதான்னு." சிரித்துக்கொண்டே சொன்னாள்: "பந்த சுத்தாத நீ. என்ன சுத்து. நான் நடுவுல ரப்பர் போட்டுல ஒக்காந்துக்கறேன். காப்பாத்தற போட்டு நடுவுல நிக்கலாம், அது சட்டத்துலயே கீது."

இருபத்திரண்டு வயசுப் பெண்ணுக்கு இந்தப் புத்தியைக் கொடுத்தது யார் என்று எனக்குத் தெரியும். மறுநாள் அவள் நடுவில் உட்கார, நான் இடமாக ஒரு சுற்று போய்ப் பார்த்தேன். கை தடுமாறியது. ஆனால் மறுக்கவில்லை.

பரீட்சை அன்று விடிய எழுந்து, மிதவைச் சட்டைக்குள்ளே இடுப்பில் ஒரு எலுமிச்சம்பழத்தைச் செருகிக்கொண்டேன். அதிகாரி வெள்ளை மீசைக்காரர், கடற்படையில் இருந்தவராம். நான் போட்டுக்கொடுத்த காபியைக் குடித்துவிட்டு முகத்தில் ஒன்றும் காட்டாமல் படகுத்துறையின் முனையில் போய் நின்றார். முதல் சுற்று சுகமாகப் போயிற்று. நடுவில் கோச்சம்மா, தீபாராதனை பார்க்கிறவள் மாதிரி ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். எனக்கு இடது பக்கம் பந்து, பந்தைத் தாண்டி அவள். இவள் மேல் பட்ட கண்ணெல்லாம் கடலோடு போகட்டும் என்று சொல்லிக்கொண்டே திரும்பினேன். இரண்டாம் சுற்றில் தூரத்துப் பந்துக்கிட்டே காற்று சட்டென்று விழுந்துவிட்டது. பாய் தொளதொளவென்று ஆட, படகு நின்ற இடத்திலேயே நின்றது. அந்த நேரத்தில்தான் பழைய பழக்கம் கைக்குள் வந்தது. சுக்கான் மெல்ல வலமாகச் சுற்றும் வழிக்குத் திரும்புவதை நானே பார்க்கிறேன். கோச்சம்மா வாயைத் திறக்கக் கூடாது, அதுவும் சட்டம். சுற்றிப்போடும்போது குழந்தைகள் செய்வது போல் கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள், அவ்வளவுதான். பாதியில் நிறுத்தினால் அவளுக்கல்லவா ஆகாது என்று தோன்றியது. கையைத் திருப்பினேன். கன்னத்தில் காற்று பட்டது. பாய் நிரம்பியது. மூன்றாம் சுற்று எப்படிப் போயிற்றென்றே தெரியாது. அதிகாரி முடிந்தது என்று விசில் ஊதினார்.

ஆனால் எனக்கு முடியவில்லை. இடமா மூணு ஆயிற்று, வலமா மூணு யார் செய்வது? ஒரு பக்கம் மட்டும் சுற்றிவிட்டு வீட்டுக்குப் போகிறவன் எந்த ஊரிலாவது உண்டா? வரிசை மாறிப்போச்சு, பொறுத்துக்கொள் பெருமாளே என்று சொல்லிவிட்டுப் படகைத் திருப்பினேன். வலம் என்றதும் என் கைக்கு வந்த உற்சாகத்தைப் பார்க்க வேண்டுமே. கரையில் விசில் மேல் விசில். அதிகாரி கொடியை ஆட்டுகிறார். படகு கைமீறிப் போய்விட்டது, ஆளைக் காப்பாற்று என்று கோச்சம்மாவைப் பார்த்துக் கத்துகிறார். காப்பாற்ற வேண்டியவள் நடுவில் கைகூப்பித் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கிறாள். சுற்றி முடிகிற வரைக்கும் எழுந்திருக்கக் கூடாது என்று அவளுக்கும் தெரியும். பிள்ளைகள் கரையோரம் ஓடிக்கொண்டே ஒண்ணு, ரெண்டு என்று எண்ணினார்கள். மூன்றாவது முடிந்ததும் எலுமிச்சம்பழத்தை எடுத்து நகத்தால் பிளந்து, வலதுக்கு ஒரு பாதி, இடதுக்கு ஒரு பாதி எறிந்தேன். அதன்பிறகுதான் அவள் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள். நான் சிரிக்கிறேனா அழுகிறேனா என்று எனக்கே தெரியவில்லை. முகமெல்லாம் உப்புத் தண்ணீர்.

கரைக்கு வந்ததும் அதிகாரி அவளை இங்கிலீஷில் ஏதோ கேட்டார். அவள் ஏதோ சொன்னாள். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார், மீசை கொஞ்சம் அசைந்தது, காகிதத்தில் எழுதினார். மூன்று சுற்று கேட்டதற்கு ஆறு சுற்று காட்டினார், இரண்டு பக்கமும் சுற்றத் தெரிந்த மாணவர் என்று எழுதியிருந்ததாக அவள் பிறகு படித்துக் காட்டினாள். என்னம்மா சொன்ன அவர்கிட்ட என்று கேட்டேன். "எங்க மாஸ்டர் எதையும் பாதி வேக்காட்டுல எறக்கமாட்டாருன்னேன்" என்றாள்.

இப்போது நான் ஊரோடு வந்துவிட்டேன். பேத்திக்கு மூன்று வயது முடிந்துவிட்டது, சனிக்கிழமை தோறும் என் விரலைப் பிடித்துக்கொண்டு பிராகாரம் சுற்றுகிறாள். கோச்சம்மா அந்தப் பள்ளிக்கே பெரிய கோச். போன வாரம் வீடியோவில் கூப்பிட்டு, பாரு மாஸ்டரே என்று போனைக் கடல் பக்கம் திருப்பினாள். பத்துப் பன்னிரண்டு குட்டிப் படகுகள், வெள்ளைப் பாயோடு வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. பந்துகள் வலது கைப் பக்கம். ஏம்மா, எல்லாம் தப்பாப் போவுதே என்று பதறிவிட்டேன். பரீட்சை முடிந்துவிட்டதாம். முடிந்ததும் எந்த வகுப்பு வந்தாலும் மூன்று சுற்று வலமாகப் போய்விட்டுத்தான் கரையேற வேண்டுமாம். ஏன் என்று கேட்கிறவர்களிடம் பள்ளிக்கூட வழக்கம் என்று சொல்லிவைத்திருக்கிறாளாம். படகுகளுக்கு நடுவில் ரப்பர் படகு ஒன்று தெரிந்தது, அதில் யாரோ சின்னதாக உட்கார்ந்திருந்தார்கள். கோச்சம்மா கரையில் என்னோடு பேசிக்கொண்டிருக்கிறாள், அப்படியானால் நடுவில் யார் என்று கேட்டேன்.

"அந்த வகுப்புல எந்தப் புள்ள ரொம்ப பயந்துச்சோ, அது" என்றாள்.