பூட்டிய வீட்டின் ஈரம்

ஹேடோவின் துறைமுக லைன் வீடுகளில் யார் தீவை விட்டு மெயின்லேண்டுக்குப் புறப்பட்டாலும் சாவி சிசிலியாவிடம்தான் வரும். கப்பல் ஏறுகிறவர்கள் எப்போது திரும்புவார்கள் என்று கப்பல் கம்பெனிக்கே தெரியாது. அதுவரை கோழிக்குத் தீனி போடுவது, துளசிக்குத் தண்ணீர் ஊற்றுவது, மழை அடித்தால் ஜன்னலைச் சாத்துவது எல்லாம் அவள் பொறுப்பு. தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரையிலிருந்து கல்யாணமாகி வந்தவள். கணவன் வேதநாயகம் துறைமுகத்தில் தச்சு வேலை பார்த்தான். ஆறு வயதில் கிரேசி என்று ஒரு மகள். எழுதப் படிக்கத் தெரியாத சிசிலியாவுக்கு, நாலு வீட்டுச் சாவி முந்தானையில் தொங்கும்போது தானும் ஓர் ஆள் என்ற நினைப்பு வரும்.

அடுத்த வீட்டு ருக்கு மட்டும் அந்த வருஷம் சாவி கொடுக்கவில்லை.

ருக்குவின் கணவர் பக்தவத்சலம் மரக் கணக்கு எழுதுகிறவர். காட்டிலிருந்து வெட்டி வரும் தடிகளில் ஒட்டிக்கொண்டிருக்கும் செடிகளை அவர் பிய்த்துக்கொண்டு வருவார். ஆர்கிட் என்று பெயர். ருக்கு அவற்றைத் தேங்காய் மட்டையில் வைத்துக் கட்டி, பின்கட்டு அறை முழுக்கத் தொங்கவிட்டிருந்தாள். பிள்ளை இல்லாத வீடு. சமைத்த நேரம் போக மிச்சமெல்லாம் அந்த அறையில்தான் கழியும். போன தடவை ஊருக்குப் போனபோது சிசிலியாதான் தண்ணீர் ஊற்றினாள். பாவம், செடி வாடிவிடுமே என்று தாராளமாக ஊற்றியதில் இரண்டு செடி குருத்திலேயே அழுகிப்போய்விட்டது. ருக்கு அவற்றை அவிழ்த்துக் குப்பையில் போட்டாள்.

இந்தத் தடவை தானே ஒரு வழி கண்டுபிடித்தாள். ஒரு பெரிய தகரத் தொட்டியும், வாய் வெட்டிய மண்ணெண்ணெய் டின்களும் நிறையத் தண்ணீர் பிடித்து அறைக்குள் வைத்தாள். பழைய வேட்டியைத் திரியாகக் கிழித்து, ஒரு முனையைத் தண்ணீரிலும் மறுமுனையை மட்டையிலும் செருகினாள். திரி தண்ணீரை உறிஞ்சிச் செடிக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கும்.

"உனக்கு எதுக்குடி சிரமம்? இது தானா பாத்துக்கும்" என்றாள், கதவைப் பூட்டிக்கொண்டே. காற்றுக்காக ஜன்னல் பலகைகளை மட்டும் சாய்த்து வைத்திருந்தாள்.

"சரிக்கா. நல்லபடியா போயிட்டு வாங்க" என்றாள் சிசிலியா. முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை.

அவர்கள் போனபின் வெயில் ஏறியது. குழாயில் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் தண்ணீர். லைன் முழுக்க டிரம்மிலும் அண்டாவிலும் பிடித்து வைத்தார்கள். ஒரு மாத லீவில் போன பக்தவத்சலம் வரவேண்டிய கப்பலில் வரவில்லை. அவருடைய அப்பா படுக்கையில் விழுந்துவிட்டதாக ஆபீசுக்குத் தந்தி வந்தது.

மழைக்கு முந்தைய புழுக்கத்தில் முதல் காய்ச்சல் கண்டது. கடைசி வீட்டுச் சண்முகத்துக்கு. கிரேன் பக்கத்தில் வேலை செய்கிற பலசாலி. கைகால் மூட்டெல்லாம் கழன்றதுபோல் கிடந்து பிழைத்தான். பிறகு நடுவில் ஒரு வீடு, எதிரில் ஒரு வீடு. பட்டப்பகலிலேயே கொசு கடித்தது. காலில் வெள்ளை வரி போட்ட கொசு. அடித்தால் கையில் ரத்தம்.

கொசு மருந்து அடிக்கிறவர் வந்தார். வங்காளி. ஒவ்வொரு வீட்டிலும் டிரம்மை எட்டிப் பார்த்துக் கவிழ்க்கச் சொன்னார். ருக்குவின் வீட்டு முன்னால் நின்றார்.

"சாபி கஹான் ஹை?"

"மேரே பாஸ் நஹி" என்றாள் சிசிலியா. சாவி தன்னிடம் இல்லை என்று சொல்வது அவளுக்கு அதுவே முதல் தடவை.

பூட்டிய சர்க்காரி குவார்ட்டர்ஸை ஆர்டர் இல்லாமல் திறக்க முடியாது என்றார். கதவில் சாக்பீஸால் ஒரு குறி போட்டுவிட்டுப் போனார். ஆர்டர் வரவில்லை.

துணி காயப் போடும்போதுதான் சிசிலியா அந்தச் சத்தத்தைக் கேட்டாள். ருக்குவின் ஜன்னலிலிருந்து வந்தது. தூரத்தில் எஞ்சின் ஓடுவது போன்ற மெல்லிய ரீங்காரம். பலகை இடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்தாள். அறை முழுக்கப் பூத்திருந்தது. வெள்ளைப் பூக்கள் சரம் சரமாகத் தொங்கின. இவ்வளவு பூவை ருக்கு இருந்த நாளில்கூட அவள் பார்த்ததில்லை. கீழே தொட்டித் தண்ணீர் கறுத்துக் கிடந்தது. அதன் மேல்பரப்பு, காற்றே இல்லாத அறைக்குள், துடித்துக்கொண்டிருந்தது. புழு. அவள் முகத்தில் என்னவோ மோத, பதறிப் பின்வாங்கினாள்.

அன்று சாயங்காலம் வேதநாயகத்திடம் சொன்னாள்.

"பூட்டை உடைச்சா திருட்டுக் கேசு ஆயிரும். கவர்ன்மெண்ட் வீடுடி அது" என்றான் அவன். "ஆபீஸ்ல சொல்லியிருக்குல்லா, வருவாவ."

அவளுக்கும் உள்ளுக்குள் ஒரு தயக்கம் இருந்தது. நம்பிச் சாவி கொடுக்காதவள் வீட்டுக்குள் எந்த முகத்தோடு நுழைவது? ருக்கு என்ன நினைப்பாள்? காத்திருந்தாள்.

அந்த வாரம் சண்முகத்தின் மனைவி நீலாவதிக்குக் காய்ச்சல் வந்தது. கடலூர்ப் பக்கத்துப் பெண், வயிற்றில் பிள்ளை. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஈறில் ரத்தம் கசிந்தது என்று பார்த்து வந்தவர்கள் சொன்னார்கள். தாயும் பிள்ளையும் சேர்ந்தே போய்விட்டார்கள். எடுத்துவிட்டுத் திரும்பிய அன்று கிரேசி, "அம்மா, கண்ணு வலிக்கு" என்று சுருண்டு படுத்தாள். தொட்டால் நெருப்பு.

சிசிலியா யாரிடமும் கேட்கவில்லை. கணவனின் உளியையும் சுத்தியலையும் எடுத்துக்கொண்டு போனாள். நாலு அடியில் பூட்டு தெறித்தது. கதவைத் திறந்ததும் கொசு புகையாக எழும்பி அவள் தலைமுடியில், காதில், வாயில் புகுந்தது. தொட்டியைப் புரட்டிவிட்டாள். டின்களை ஒவ்வொன்றாக முற்றத்தில் கவிழ்த்தாள். கடைசியில் செடிகள் மட்டும் தொங்கின. பிடுங்கி எறியத்தான் கை போனது. எறியவில்லை. முற்றத்துக் கொய்யா மரத்தில் கொண்டுபோய்க் கட்டினாள். கிரேசி அனத்திக்கொண்டு கிடந்த நாட்களிலும், தினம் காலையில் வெறும் கையை நனைத்து அவற்றின் மேல் உதறிவிட்டு வந்தாள். ஏன் செய்கிறோம் என்று அவளுக்கே விளங்கவில்லை.

மழை இறங்கியது. கிரேசிக்குக் காய்ச்சல் விட்டது. ஆனால் சிசிலியாவுக்கு நிம்மதி வரவில்லை. காரணம் சண்முகம். வேலை முடிந்து வந்ததும் கொய்யா மரத்தடியில் வந்து நிற்பான். பூவைப் பார்ப்பான்.

"அக்கா, மெட்ராஸ் கப்பல் எப்ப வருது?"

"தெரியலயே தம்பி."

"வந்தா சொல்லுங்க."

மறுநாளும் அதே கேள்வி. குரலில் கோபம் இல்லை, அதுதான் பயமாக இருந்தது. "கிரேன் செயினக் கையால இழுக்கிறவன். என்ன செய்வானோ" என்று வேதநாயகமும் முணுமுணுத்தான்.

கப்பல் வந்த அன்று சிசிலியாவுக்கு முன்பே சண்முகம் ஹேடோ ஜெட்டிப் பாலத்தில் நின்றிருந்தான். பக்தவத்சலத்தின் பின்னால் ருக்கு ஏணியில் இறங்கி வந்தாள். மாமனார் காரியம் முடித்து இளைத்திருந்தாள். சிசிலியாவைக் கண்டதும், "செடியெல்லாம் எப்படிடி இருக்கு?" என்றாள்.

சிசிலியா பதில் சொல்வதற்குள் சண்முகம் குனிந்து ருக்குவின் டிரங்குப் பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்தான். முன்னால் நடந்தான். அவர்கள் பின்னால் நடந்தார்கள். வழியெல்லாம் சிசிலியாவின் கண் அந்தப் பெட்டியிலேயே இருந்தது. எந்த இடத்தில் அது இறங்கும், யார் மேல் இறங்கும் என்று.

உடைந்த பூட்டின் முன்னால் மெதுவாக இறக்கி வைத்தான்.

"நல்லா பூத்திருக்கு அக்கா" என்றான் ருக்குவிடம். "நீலா போயிட்டா. அவளும் ஒரு பூ கேட்டிருந்தா உங்ககிட்ட. இல்லன்னுட்டீங்களாம்."

அவ்வளவுதான். போய்விட்டான். அடுத்த மாதமே கட்சால் தீவுக்குப் படகு ஏறினான். அங்கே ரப்பர் தோட்டத்துக்குக் காடு வெட்ட ஆள் எடுத்தார்கள்.

ருக்கு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். சிசிலியா நடந்ததை மறைக்காமல் சொன்னாள்.

"என்னாலயாடி?"

"எல்லா வீட்டுத் தொட்டியிலயும் கொசு இருந்துச்சுக்கா. எதுல பிறந்தது கடிச்சுதுன்னு யாரு கண்டா? நானும் பாத்துட்டு ஒரு வாரம் சும்மா இருந்தேன்லா."

ருக்கு அதை ஏற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை. செடிகளைத் தொடவும் இல்லை. குட்வில் எஸ்டேட் பக்கம் வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டார்கள்.

அடுத்த கோடையில் சிசிலியா அவளைப் பார்க்கப் போனாள். வெயிலில் நடந்து வந்த களைப்பில் குடிக்கத் தண்ணீர் கேட்டாள். வீட்டில் ஒரு குடம் இல்லை, பானை இல்லை, வாளிகூடச் சுவரில் கவிழ்த்துச் சாத்தியிருந்தது.

"நாலு மணிக்குக் குழாய் வரும், இரு" என்றாள் ருக்கு.

இருவரும் முற்றத்தில் குழாயடியில் வெறும் டம்ளரோடு உட்கார்ந்து காத்திருந்தார்கள்.