கடற்காகங்களின் கேட்சர்

எங்கள் துறைமுகத்தில் சலவைக்கடை வைத்திருக்கும் இசோமுரா, இருபத்திரண்டு வயதில் கடற்காகங்கள் பேஸ்பால் அணிக்குக் கேட்சராக வந்தார். அறுபத்தொரு வயதிலும் அவர்தான் கேட்சர். நடுவில் அந்த இடத்துக்கு வேறு யாரும் ஆசைப்படவில்லை. மட்டை பிடிப்பவருக்குப் பின்னால் முகமூடியோடு குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பிட்சர் எறிவதையெல்லாம் பிடித்துத் திருப்பி எறிய வேண்டும். ஆட்டம் முடியும்வரை உட்காருவதும் எழுவதும்தான் பிழைப்பு. கடைசிச் சில வருடங்களில் அவர் எழும்போது முழங்கால் போடும் சத்தம், மைதானத்தின் வலது கோடியில் நிற்கும் எனக்கே கேட்டது. நான் தூண்டில் கடைக்காரன். பந்து அதிகம் வராத இடம் என்பதால் என்னை அங்கே நிறுத்தியிருந்தார்கள்.

அணி முழுக்கக் கடைத்தெரு ஆட்கள். கடைகள் திறக்கும் முன், சூரை மீன் படகுகள் திரும்பும் முன், அலைதடுப்புச் சுவரை ஒட்டிய மைதானத்தில் அதிகாலைப் போட்டிகள் நடக்கும். ஒரு காலத்தில் நாங்கள் தொடர்ந்து கோப்பை வாங்கியிருக்கிறோம். அந்தக் கோப்பை எங்கள் பிட்சர் பாந்தோவின் முடிதிருத்தும் கடையில் இருக்கிறது. அதில் அவர் சீப்புகளைப் போட்டு வைத்திருக்கிறார்.

பிறகு எங்களுக்கு வயதாகிவிட்டது. புதிதாக யாரும் வரவில்லை. பள்ளி முடித்த பிள்ளைகள் ஒசாகாவுக்குப் போனார்கள். போனவர்கள் புத்தாண்டுக்கு வந்து, கடலைப் பார்த்து, வாட்டிய சூரை மீனைச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பிப் போனார்கள். இரண்டாவது பேஸுக்கும் மூன்றாவது பேஸுக்கும் நடுவில் ஓடிப் பிடிக்க வேண்டிய எங்கள் ஷார்ட்ஸ்டாப்புக்கு மூட்டுவாதம். மைதானத்தின் நடுக்கோடியில், சென்டர்ஃபீல்டில் ஆடிய அரிசிக்கடைக்காரர் இறந்துபோனார். அவருடைய இடத்தை ஒரு வருடம் காலியாகவே வைத்திருந்தோம். மரியாதைக்காக என்று வெளியில் சொல்லிக்கொண்டோம். ஆள் இல்லை என்பதுதான் உண்மை.

இந்த நிலையில்தான் குன்றின் மேலிருந்த முதியோர் இல்லம் ஒரு அணியை இறக்கியது. எல்லாரும் அங்கே வேலை பார்க்கும் பராமரிப்பு ஊழியர்கள், இருபது சொச்சம் வயது. பகலெல்லாம் ஆட்களைத் தூக்கி இறக்கிப் பழகிய கைகள். அவர்களுடைய பிட்சர் ஹயசே என்ற பையன் எறிந்த பந்தை நாங்கள் பார்க்கவில்லை, கையுறையில் விழுந்த சத்தத்தைத்தான் கேட்டோம்.

வித்தியாசம் பத்து ரன்னைத் தாண்டினால் ஆட்டத்தைப் பாதியில் நிறுத்தலாம் என்று எங்கள் லீகில் ஒரு கருணை விதி உண்டு. அன்று அது சீக்கிரமே பயன்பட்டது. அதுகூடப் பரவாயில்லை. அதற்கு முன்னால் பாந்தோ எப்படியோ ஒரு பந்தைத் தட்டிவிட்டு, ஓடித் தொட வேண்டிய நான்கு முனைகளில் முதலாவதான முதல் பேஸுக்கு ஓடினார். பாதி வழியில் கால் பின்னிக் குப்புற விழுந்தார். எதிரணிப் பிட்சர் ஹயசே பந்தைக் கீழே வைத்துவிட்டு ஓடி வந்தான். பின்பக்கமாக மண்டியிட்டு, இரண்டு அக்குளிலும் கைகொடுத்தான்.

"அவசரமே இல்லீங்க ஐயா. நான் மூணு எண்ணறேன், மூணுன்னதும் என் மேல சாஞ்சு எழுந்திரிங்க. ஒண்ணு... ரெண்டு..."

பாந்தோ எழுந்துவிட்டார். ரொம்ப நேர்த்தியாக எழுப்பினான் என்பதை எல்லாரும் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது.

"காலைல மாத்திரை போட்டீங்களா ஐயா?"

"போட்டேன்," என்றார் பாந்தோ.

இசோமுராவின் தாயார் அந்த இல்லத்தில்தான் இருந்தார். அவரைக் குளிப்பாட்டுவது ஹயசேதான். அதனால் இசோமுராவால் கோபப்படக்கூட முடியவில்லை. வரிசையில் நின்று தொப்பியைக் கழற்றிக் குனிந்து, "ரொம்ப நன்றி" என்று சொல்லிவிட்டு வந்தார்.

அன்று மத்தியானமே அணியைப் புதிதாகக் கட்டப் போவதாக அறிவித்தார். முதலில் தபால் நிலையத்துப் பையனிடம் போனார். பேஸ்பால் தனக்கு நன்றாக வரும், ஆனால் கைப்பேசியில் மட்டும்தான் என்றான் அவன். அடுத்தது புத்தர் கோயிலின் இளம் பிட்சு. நல்ல தோள். ஆனால் எங்கள் ஊரில் ஈமச்சடங்குகளுக்குக் குறைவில்லை.

"நீங்க எல்லாம் கொஞ்ச நாள் சாகாம இருந்தா வரேன்," என்றார் பிட்சு.

மழை பெய்த ஒரு சாயங்காலம் இசோமுரா, மனைவி ஃபுமியேவுக்குக் குடை கொடுக்கப் பள்ளி உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போனார். அங்கே அம்மாக்களின் வாலிபால் அணி பயிற்சி செய்யும். ஃபுமியே அதில் எத்தனையோ வருடமாக ஆடுகிறார் என்பது அவருக்குத் தெரியும். ஆடி அவர் பார்த்ததில்லை. ஃபுமியே எம்பி அடித்த ஒரு பந்து தரையில் பட்டுத் தெறித்து, வாசலில் நின்ற இசோமுராவின் குடையைக் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போனது.

மறுநாள் இஸ்திரி போட்டுக்கொண்டே பேச்சை எடுத்தார்.

"எங்களையா? உங்க டீம்லயா?" என்றார் ஃபுமியே. "அது ஆம்பளைங்க டீம் இல்ல?"

"விதியில அப்படி எதுவும் போடல. படிச்சுப் பாத்துட்டேன்."

"இத்தன வருஷமா உங்க டீம் சட்டையெல்லாம் துவைக்கிறது யாரு?"

"கடை."

"கடைன்னா யாரு?"

இசோமுரா கொஞ்சம் யோசிக்க வேண்டியிருந்தது. "நீதான்."

"இனிமே அவங்கவங்க சட்டைய அவங்கவங்க துவைக்கட்டும். யாரு எங்க நிக்கணும்னு நான் சொல்லுவேன். சம்மதம்னா சொல்லுங்க, நான் மத்தவங்ககிட்ட கேக்கறேன்."

"அப்ப கேப்டன் நான் இல்லையா?"

"இருங்களேன். யாரு வேணாம்னா?"

இப்படி ஆறு பெண்கள் அணிக்கு வந்தார்கள். மீன் ஏலக்கூடத்தில் பனிக்கட்டிப் பெட்டி தூக்கும் நட்சு, இரண்டு செவிலியர்கள், பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர், இன்னொருத்தி, ஃபுமியே. முதல் வாரம் அவர்கள் பந்தைப் பிடிப்பதற்குப் பதில் திருப்பி அடித்தார்கள். இரண்டாவது வாரம் பிடித்தார்கள். மூன்றாவது வாரம் ஃபுமியே பிட்சருக்கான மேட்டில் ஏறி நின்று எறிந்தபோது, ஐம்பத்தெட்டு வயதுக்காரியின் கையிலிருந்து வந்த அந்தப் பந்து மட்டைக்குப் பக்கத்தில் வந்ததும் கீழே இறங்கியது. எப்படிச் செய்கிறீர்கள் என்று கேட்டோம். ஈரப் போர்வையை உதறுவதுபோல மணிக்கட்டை உதறுவதாகச் சொன்னார்.

பிட்சர் கிடைத்துவிட்டார். இருக்கிற பிட்சரிடம் யாராவது சொல்ல வேண்டும். இசோமுரா முகச்சவரம் செய்துகொள்ளப் பாந்தோவின் கடைக்குப் போனார். துணைக்கு என்னையும் கூப்பிட்டுப் போய்க் காத்திருப்போர் நாற்காலியில் உட்காரவைத்தார். பாந்தோ நாற்காலியைச் சாய்த்து, நுரை தடவி, கத்தியைக் கழுத்தில் வைத்தார்.

"பாந்தோ, உன்கிட்ட ஒரு விஷயம்."

"சொல்லு."

"கத்திய எடு, சொல்றேன்."

"கத்தி இருக்கறப்பவே சொல்லு. தைரியம் இருக்கான்னு பாப்போம்."

இசோமுரா விட்டத்தைப் பார்த்தார். நான் பழைய வார இதழ் ஒன்றை மும்முரமாகப் படித்தேன்.

"இனிமே நீ எறிய வேணாம்டா. ஃபர்ஸ்ட் பேஸ்ல நில்லு."

கத்தி நின்றது. "எனக்குப் பதிலா எவன்?"

"ஃபுமியே."

 பாந்தோ தாடைக்குக் கீழே ஒரே இழுப்பாக இழுத்து, கத்தியைத் துண்டில் துடைத்தார்.

"புத்தாண்டுலேர்ந்து இந்தக் கை தோளுக்கு மேல போகல. உச்சந்தலை முடிய வெட்டணும்னா ஆளுங்களக் குனிய வச்சுதான் வெட்டறேன். நீ எப்ப வந்து சொல்லுவேன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். ஏன்டா இவ்ளோ லேட்டு?"

"நீ அழுவேன்னு நெனச்சேன்."

"நானா?" என்றார் பாந்தோ. சூடான துண்டை எடுத்து இசோமுராவின் முகத்தை முழுசாக மூடினார். வழக்கத்தைவிட நெடுநேரம் அதை எடுக்கவில்லை. அப்போது பாந்தோவின் முகத்தைப் பார்த்தது நான் ஒருவன்தான். அதைப்பற்றி நான் எங்கும் பேசியதில்லை.

அடுத்த பயிற்சியில் ஃபுமியே யார் யார் எங்கே என்று சொன்னார். எல்லாம் சரியாகத்தான் போனது.

"கேட்சர், நட்சு."

இசோமுரா முழங்கால் கவசத்தைக் கட்டிக்கொண்டிருந்தார். ஒரு கால் முடிந்து, மற்றக் காலில் பாதி.

"நான்?"

"நீங்க மூணாவது பேஸ் பக்கத்துல, கோட்டுக்கு வெளிய நின்னு, ஓடி வர்றவங்களுக்குக் கை காட்டுங்க. போலாமா, நிக்கணுமான்னு."

"அது ஆடறவன் வேலை இல்லையே."

"இல்லதான்."

"நாப்பது வருஷமா நான்தான் கேட்சர், ஃபுமியே."

"தெரியுங்க. ஆனா நீங்க எழுந்திருக்கற சத்தத்துல நான் எறியறதயே மறந்துடறேன்."

யாரும் சிரிக்கவில்லை. இசோமுரா கவசத்தைக் கழற்றி நட்சுவிடம் கொடுத்தார். வார்ப்பட்டையை எந்தத் துளையில் மாட்ட வேண்டும் என்றும் சொல்லிக்கொடுத்தார். பிறகு வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

அந்த வாரம் அவர் வீட்டில் பேசியது குறைவு. போலீஸ்காரரின் சட்டைக் கையை இஸ்திரிப்பெட்டியால் பொசுக்கினார். கடையில் அப்படி ஒன்று நடந்ததே இல்லை. போலீஸ்காரர் பாவம், கோடை முடியும்வரை ஒரு கையை மடித்துவிட்டுக்கொண்டே சாலைச் சந்திப்பில் நின்றார். இசோமுரா கடைசியில் பாந்தோவிடம் போய் முறையிட்டிருக்கிறார்.

"எனக்கு ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லியிருக்கலாம்."

"நீயும் நான் நுரை தடவினப்புறம்தான எங்கிட்ட சொன்ன," என்றாராம் பாந்தோ. "அவ கால்ல கவசம் கட்டறப்போ சொன்னா. கணக்கு சரி. போய் நில்லு."

போய் நின்றார்.

செப்டம்பரில் முதியோர் இல்லத்து அணியோடு மறுபடி ஆடினோம். ஃபுமியேயின் பந்துகள் இறங்கின, அந்தப் பையன்கள் காற்றை அடித்தார்கள். பாந்தோ முதல் பேஸில் அசையாமல் நின்று, வந்ததையெல்லாம் பிடித்தார். என் பக்கம் ஒரு பந்து வந்தது. அதை நான் விட்டுவிட்டேன், அது தனிக்கதை. கடைசி இன்னிங்ஸில் நாங்கள் ஒரே ஒரு ரன்தான் பின்னால்; இன்னும் ஒருவர் அவுட்டானால் ஆட்டம் முடிந்துவிடும். நட்சு இரண்டாவது பேஸில் நின்றாள். அடுத்து வந்த செவிலிப் பெண் இடதுபக்கம் ஒரு அடி அடித்தாள்.

நட்சு ஓடினாள். பந்து இடதுபக்க ஆட்டக்காரனின் கைக்கு உடனே போய்விட்டது. மூன்றாவது பேஸில் அவளை நிறுத்த வேண்டும், குழந்தைக்குக்கூடத் தெரியும். இசோமுரா கையைக் காற்றாலை மாதிரிச் சுற்றினார். போ, போ, போ. நட்சு திரும்பிக்கூடப் பார்க்காமல், தொட்டால் ரன் கிடைக்கும் ஹோமை நோக்கிப் போனாள். பந்து அவளுக்கு வெகு முன்னாலேயே அங்கே வந்து காத்திருந்தது. அவுட். ஆட்டம் முடிந்தது.

நட்சு புழுதியில் உட்கார்ந்திருந்தாள். ஹயசே மூணு எண்ணக் குனிந்தான். அவள் பார்த்த பார்வையில் நிமிர்ந்துவிட்டான். ஃபுமியே நேராக மூன்றாவது பேஸுக்கு நடந்து வந்தார்.

"ஏங்க நிறுத்தல?"

"நிறுத்தணும்னு தோணல."

"பந்து அவன் கையில இருந்துச்சே!"

"பாத்தேன்." இசோமுரா தொப்பியைக் கழற்றித் தலையைத் தேய்த்தார். "நம்ம டீம்ல ஒருத்தர் இப்படி ஓடி எத்தன வருஷம் ஆச்சு. பாத்துக்கிட்டே இருந்துட்டேன்."

ஃபுமியே அவரைத் திட்டுவார் என்று காத்திருந்தோம். அவர் திரும்பிப் போய் மட்டைகளைப் பொறுக்க ஆரம்பித்தார். பொறுக்கும்போது அவர் தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்று பிறகுதான் தெரிந்தது.

அந்த வருடம் கடைசி இடத்துக்கு ஒரு படி மேலே முடித்தோம். பரிசளிப்பு விழாவில் எங்களுக்கு எதுவும் தரவில்லை. அந்த இடத்துக்கு எதுவும் தரும் வழக்கமில்லை. பாந்தோ மட்டும் கோப்பையிலிருந்த சீப்புகளை எடுத்துவிட்டு, கழுவி, பீர் ஊற்றிக் கொண்டுவந்தார். கழுவியது போதவில்லை, ஆனாலும் எல்லாரும் குடித்தோம்.

இப்போது காலை வேளையில் சலவைக்கடைக்குப் போனால் உடனே யாரும் வர மாட்டார்கள். பின்கட்டுக்குப் போக வேண்டும். அங்கே கொடிகளுக்கு நடுவில் ஃபுமியே நின்று எறிந்துகொண்டிருப்பார். எதிரே இசோமுரா ஒரு பீர்ப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் உட்கார்ந்து பிடித்துக்கொண்டிருப்பார்.

"வெளிய போச்சு."

"போகல."

"ஒரு விரக்கடை வெளிய, ஃபுமியே."

"பெட்டிய இந்தப் பக்கம் தள்ளிப் போடுங்க, உள்ள வரும்."

போன வாரம் நான் சலவைக்குக் கொடுத்திருந்த என் கோட்டை வாங்கப் போனேன். அவர் பெட்டியைத் தள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார். இன்னும் கொஞ்சம் ஆகும், நாளைக்கு வா என்றார்.