முப்பத்திரண்டு வரை

முப்பத்தொரு வருடம் நகரப் பேருந்து ஓட்டியவரை டிப்போவில் எல்லோரும் எக்ஸ்பிரஸ் என்றுதான் கூப்பிட்டார்கள். ஓட்டுவதில் அவர் பரம நிதானம். சைக்கிள்காரர்கள்கூட மணியடித்து முந்திப் போவார்கள். பட்டப்பெயர் வந்தது சாப்பாட்டால். கடைசி நிறுத்தத்தில் வண்டி பன்னிரண்டு நிமிடம் நிற்கும். கழிப்பறை, கைகழுவல், நேரக்காப்பாளரின் கையெழுத்து என்று எட்டு போய்விடும். மிச்சம் நாலு. நடத்துநர் தன் டப்பாவைத் திறப்பதற்குள் இவர் தன்னுடையதை மூடியிருப்பார்.

ஓய்வு பெற்றார். அந்த நாலு நிமிடம் மட்டும் ஓய்வு பெறவில்லை. மனைவி பரிமாறிவிட்டு, அடுப்பை அணைத்து, தன் தட்டோடு வந்து உட்காரும்போது அவர் கைகழுவிக்கொண்டிருப்பார்.

“பின்னாடி யாரு ஹாரன் அடிக்கிறா உங்களுக்கு?” என்பாள் அவள்.

கேலிதான். ஆனால் கல்யாணமான நாள் முதல் காலி நாற்காலியைப் பார்த்தே சாப்பிட்டவள் அவள். இனியாவது எதிரெதிரே உட்கார்ந்து, பேசிக்கொண்டே ஒருவேளை சாப்பிட வேண்டும் என்று ஆசை. ரொம்பச் சின்ன ஆசை. அதனாலேயே வாய்விட்டுச் சொல்லக் கூச்சம்.

பிறகு அவருக்கு நெஞ்செரிச்சல் வந்தது. வயிறு உப்பியது. நாலு வீடு தள்ளிக் கேட்கும்படி ஏப்பம்.

டாக்டர் பாதி பன்னை வாயில் அடைத்துக்கொண்டு அடுத்த ஆளைக் கூப்பிடும் ரகம். “உங்க வயித்துக்குப் பல்லு கிடையாது. நல்லா மென்னு சாப்பிடுங்க” என்றார்.

“எத்தனை தடவை?”

டாக்டரை இதுவரை யாரும் இப்படிக் கேட்டதில்லை. “முப்பத்திரண்டு வச்சுக்கங்க. பல்லுக்கு ஒண்ணு.”

எக்ஸ்பிரஸுக்கு இருந்தது இருபத்தேழு பல். ஆனாலும் மேலிடத்து உத்தரவைக் குறைத்துப் பழக்கமில்லை. மறுநாளே எண்ண ஆரம்பித்துவிட்டார். ரொட்டிக்கு முப்பத்திரண்டு, கீரைக்கு முப்பத்திரண்டு. தயிரைக்கூட விடவில்லை.

மனைவிக்கு முதல் நாள் சந்தோஷம் தாங்கவில்லை. நிதானமாக உட்கார்ந்து, “மாடி வீட்டுக்காரங்க காலி பண்றாங்களாம்” என்று ஆரம்பித்தாள். அவர் ஒரு விரலை உயர்த்தினார். விழுங்கிவிட்டு, “எண்ணிக்கை போயிடுச்சு பாரு” என்றார்.

அடுத்த வாய்க்கு அவள் பேசவில்லை. அதற்கடுத்த வாய்க்கும். இப்போது எதிர் நாற்காலியில் ஆள் இருந்தது, பேச்சுதான் இல்லை. அவள் சாப்பிட்டு, தட்டைக் கழுவி, துணியைக் காயப்போட்டு வந்தாலும் அவர் பாதித் தட்டில் இருப்பார். நெஞ்செரிச்சல் பத்தே நாளில் நின்றது. ஏப்பத்தைக் காணோம். அவர் தன் வயிற்றைப் பற்றி வருவோர் போவோரிடமெல்லாம் பெருமையாகப் பேசினார், சாப்பிடாத நேரங்களில்.

அவள் வீட்டில் தைத்துக்கொண்டிருந்தவள். இரண்டு தெரு தள்ளியிருந்த தையல் பயிற்சி நிலையத்தில் சொல்லிக்கொடுக்கக் கூப்பிட்டார்கள். பதினொன்றிலிருந்து மூன்று வரை. அவளுக்குத் தயக்கம். சாப்பாட்டு மேஜையில்தான் கேட்டாள்.

“ஒரு மணிக்கு போன் பண்ணுவாங்க. போனா மத்தியானம் நீங்க தனியாத்தான் சாப்பிடணும். வேண்டாம்னா சொல்லுங்க, முடியாதுன்னு சொல்லிடறேன்.”

அவர் பத்தொன்பதில் இருந்தார். விரல் உயர்ந்தது.

அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். அவர் தாடையைப் பார்த்தாள். வேகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. இருபத்தாறில் போன் அடித்தது. இருபத்தொன்பதில் அவள், “சரிங்க, நாளையிலேர்ந்து வர்றேன்” என்றாள்.

அவர் விழுங்கினார். “வேண்டாம்னு சொல்ல வந்தேன்.”

“விரலைத் தூக்குனீங்க. சரின்னு நெனச்சேன்.” அவள் அப்படி நினைக்கவில்லை என்பது இருவருக்குமே தெரியும்.

“அப்ப நான் யார்கூடச் சாப்பிடறது?”

“அதான் முப்பத்திரண்டு இருக்கே, அதுகூடச் சாப்பிடுங்க.”

மறுநாள் மத்தியானம் வீடு அமைதியாக இருந்தது. எண்ணுவதற்கு அவ்வளவு வசதியான வீடு நகரத்திலேயே கிடையாது. ஒரு வாய்கூடக் கணக்குத் தவறாமல் மூன்று நாள் சாப்பிட்டார். எதிரே நாற்காலி. அதன் முதுகில் ஒரு ஆணி தளர்ந்திருப்பதை அப்போதுதான் பார்த்தார். இத்தனை வருடம் அவளும் இப்படி ஒரு காலி நாற்காலியைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருப்பாள்.

நாலாம் நாள், வாயில் பதினொன்று ஓடும்போது போன் அடித்தது. அவள்தான். அவர் அப்படியே விழுங்கிவிட்டார். தொண்டையில் முட்டிக்கொண்டு இறங்கியது.

“சாப்பிட்டுட்டு இருக்கேன்” என்றார், அவள் கேட்பதற்கு முன்பே. “நீ சாப்டியா? அந்த மாடி வீட்டுக்காரங்க எங்க போறாங்களாம்?”

அந்தப் பக்கம் நாலைந்து பெண்கள் ஒரே நேரத்தில் பேசிச் சிரிக்கும் சத்தம், டப்பாக்கள் நகரும் சத்தம்.

“இருங்க,” என்றாள் அவள், அடைத்த குரலில். “வாயில இருக்கு.”

அவர் போனைக் காதோடு வைத்துக்கொண்டு காத்திருந்தார். பழக்க தோஷம், எண்ணினார். பதினான்கிலேயே அவள் பேச ஆரம்பித்துவிட்டாள். குறைவுதான் என்று தோன்றியது, சொல்லவில்லை.