அந்தப் பிள்ளை ஆரோடை போனவள்?

பெரியவர்களுக்கு ஆங்கிலம் படிப்பிக்கிறவர்கள் இலக்கணத்துக்குப் பயப்படத் தேவையில்லை; கதைப் புத்தகத்துக்குத்தான் பயப்பட வேண்டும். இந்தத் தொழிலில் அவதிப்படுகிற சக ஆசிரியர்களே, நான் சொல்வது உங்களுக்கு விளங்கும்.

பாரிசில், ரூ பெர்தொனே என்கிற தெருவில் ஒரு புடவைக்கடைக்கு மேலே இருக்கிற அறையில், ஞாயிறு பின்னேரங்களில் என் வகுப்பு. லண்டனில் இருக்கிற சொந்தக்காரரிடம் போய் வர ஆங்கிலம் வேண்டும் என்று வருகிறவர்கள். எப்போதும் வகுப்புக்கு முந்தி வருகிறவர்கள் மூன்று பேர்: கீழே புடவைக்கடை வைத்திருக்கிற வசந்தியக்கா, அடுத்த தெருவில் மரக்கறிக்கடை வைத்திருக்கிற குணம் அண்ணை, பக்கத்து நகரமான சென் தெனியில் ஒரு அலுவலகத்தில் துப்புரவு வேலை செய்கிற ரெஜினா. பாடப்புத்தகம் அலுத்துப்போச்சு என்றார்கள். ஒரு பழைய ஆங்கில நாவலின் சுருக்கிய பதிப்பைக் கொண்டுபோனேன். ஒரு கிராமத்துப் பிள்ளை, மாப்பிள்ளை தேடுகிற தாய், சுற்றிவரக் கதைக்கிற ஊர். இதில் என்ன வில்லங்கம் வந்துவிடப் போகிறது என்று நினைத்தேன்.

எந்த ஊர்

முதல் பக்கத்தை வாசித்து முடித்து, கேள்வி இருந்தால் கேளுங்கள் என்றேன். குணம் அண்ணை கையை உயர்த்தினார். "பிள்ளை எந்த ஊர் ரீச்சர்?"

இங்கிலாந்தில் ஒரு சின்னக் கிராமம், பழைய காலம், மின்சாரம்கூட இல்லை என்று விளக்கினேன். அந்தக் காலத்து உடுப்பு, குதிரை வண்டி, தேவாலயம் என்று நான் தயார்படுத்திக்கொண்டு போனதை எல்லாம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"அது சரி ரீச்சர். தகப்பன்ரை பக்கம் எந்த ஊர்?"

யன்னல்

இரண்டாம் அத்தியாயத்தில் அந்தப் பிள்ளை ஓர் இளைஞனோடு ஆற்றங்கரையில் நடந்து போகிறாள். அவ்வளவுதான். நடந்தது மட்டும். அதற்குள் ஊர் வாயில் அவர்களுக்குத் திருமணமே நிச்சயமாகிவிடுகிறது. இப்படி ஒரு சின்ன விசயத்துக்கு ஒருத்தியின் பெயரைக் கெடுக்கிற சமூகம் எவ்வளவு கொடுமையானது என்று கொஞ்சம் உணர்ச்சிவசப்பட்டே விளக்கினேன். எங்களிடமும் இந்தப் பழக்கம் இருக்கிறதா என்று கேட்டேன். ஒருவரும் ஒத்துக்கொள்ளவில்லை. அதெல்லாம் ஊரிலை, இஞ்சை ஆருக்கு நேரம் இருக்கு என்றார் வசந்தியக்கா.

அப்போது ரெஜினா யன்னலால் கீழே எட்டிப் பார்த்தாள். பிறகு குணம் அண்ணை. பிறகு கதிரையை இழுத்துக்கொண்டு வசந்தியக்கா. கீழே நகைக்கடைக்காரரின் மகள் யாரோ ஒரு பெடியனோடு நின்று கதைத்துக்கொண்டிருந்தாள். வகுப்பு முழுவதும் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. நான் தொண்டையைச் செருமினேன். ரெஜினா திரும்பாமலே சொன்னாள்:

"நாங்கள் ஒண்டும் கதைக்கேல்லை ரீச்சர், பாக்கிறம் மட்டும்தான்."

ஆர் சொன்னது

செயப்பாட்டு வினை என்றால் மாணவர்கள் ஓடுவார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். நாவலிலோ அது பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. 'சொல்லப்படுகிறது', 'நம்பப்படுகிறது' என்று, யார் சொன்னது என்பதே இல்லாமல் ஊரே கதைக்கும். அதே மாதிரி ஆளுக்கு ஒரு வசனம் எழுதுங்கள் என்றேன். வழக்கமாக ஒரு வசனத்துக்கு அரை மணித்தியாலம் எடுக்கிறவர்கள் பேனையை வைக்கவே இல்லை. தன் கட்டிடத்து மூன்றாம் மாடி மனுசி தலைக்கு மை அடிப்பதாக நம்பப்படுகிறது என்று ரெஜினா எழுதியிருந்தாள். ஒரு பிழையும் இல்லை.

வசந்தியக்கா இரண்டாவது தாளைக் கேட்டு வாங்கினார்.

"ஆர் சொன்னது எண்டு எழுதத் தேவையில்லை எண்டால், இது எங்கடை பாஷைதானே ரீச்சர்."

மரக்கறிக்கடை

இனி வில்லங்கம். ஒரு ஞாயிறு குணம் அண்ணை வரவில்லை. அன்று பார்த்துத்தான் கதையில் பெரிய அத்தியாயம்: அந்தப் பிள்ளை அதே இளைஞனோடு வண்டியில் போய், மழையில் அகப்பட்டு, இருட்டிய பிறகு வீடு திரும்புகிறாள். தாய் படுத்த படுக்கையாகிவிடுகிறாள். வசந்தியக்கா கண்ணைத் துடைத்தார்.

அடுத்தநாள் ரெஜினா மரக்கறிக்கடைக்குப் போய், குணம் அண்ணை முருங்கைக்காய் நிறுக்க நிறுக்க, விட்டுப்போன பாடத்தைச் சொல்லியிருக்கிறாள். "பிள்ளை அவனோடை வண்டியிலை போய், இருட்டினாப் பிறகுதானாம் வந்தவள். தாய்மனுசி எழும்பேல்லை. வசந்தியக்கா அழுதிட்டா."

அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் புஷ்பமாமி நின்றிருக்கிறார். மார்க்ஸ் டோர்மோய் மெட்ரோ பக்கம் இருக்கிற மாமிதான் வசந்தியக்காவின் மகள் நிரோஷாவுக்கு லண்டனில் பேசியிருந்த மாப்பிள்ளையின் பெரியம்மா. 'பிள்ளை' என்றதும் 'வசந்தியக்கா அழுதிட்டா' என்றதும் காதில் விழ, போனது நிரோஷாதான் என்று மாமி முடிவுகட்டிவிட்டார். அந்தக் கிழமையே லண்டன் வீட்டார் தொலைபேசி எடுப்பதை நிறுத்திவிட்டார்கள். வசந்தியக்கா கடையைப் பூட்டிவிட்டுப் படுத்துவிட்டார். நிரோஷாவுக்கும் அந்த மாப்பிள்ளைக்கும் ஒருவரை ஒருவர் நன்றாகப் பிடித்திருந்தது. விசாரித்து, ஆள் மாறிய இடத்தைக் கண்டுபிடித்து, நிரோஷாவிடம் முழுவதையும் சொன்னேன். இங்கே பிறந்த பிள்ளை. தாய் தமிழில் அழ, அவள் பிரெஞ்சில்தான் கோபப்படுவாள். அன்றைக்கு மட்டும் எனக்கு விளங்க வேண்டும் என்று தமிழில் கேட்டாள்:

"நான் ஆரோடை போனனான் எண்டு சொல்லினம் ரீச்சர்? ஆள் வடிவோ?"

மாமி வீட்டுத் தேத்தண்ணி

புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு புஷ்பமாமி வீட்டுக்குப் போனேன். தேத்தண்ணி தந்தார். நான் நேரே விசயத்துக்கு வந்தேன்: மாமி, வண்டியில் போன பிள்ளை நிரோஷா இல்லை, அந்தப் பிள்ளை இந்தப் புத்தகத்தில் இருக்கிறாள்.

மாமி கோப்பையைக் கீழே வைத்தார். "புத்தகத்திலையும் வந்திட்டுதோ? அவ்வளவு தூரம் போயிட்டுதோ?"

பிறகு முதல் அத்தியாயத்திலிருந்து சொல்ல வேண்டியதாயிற்று. மாமி இடைக்கிடை எழும்பி அடுப்பைப் பார்த்தார். என்னை நிறுத்தியபோதெல்லாம் கேட்டது ஒன்றுதான்: தாய் ஏன் அவளைத் தனிய அனுப்பினவ? மழை வரைக்கும் வந்ததும் புத்தகத்தை வாங்கி அட்டையைப் பார்த்தார். அட்டையில் இருந்த வெள்ளைக்காரப் பெண், தான் நிரோஷா இல்லை என்பதற்கு வேண்டிய அளவு சாட்சி சொன்னாள். மாமி தொலைபேசியை எடுத்து லண்டனுக்கு அடித்தார். கலியாணத்துக்கு நாள் பார்க்கச் சொன்னார். எனக்கு உயிர் திரும்பி வந்தது. அங்கே யாரோ காரணம் கேட்டிருக்க வேண்டும். மாமி குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார்:

"எங்கடை பிள்ளை தங்கம். இது வேறை ஒருத்தி, இங்கிலீஷ்காரி. உங்கடை பக்கம்தானாம், ஒருக்கால் விசாரியுங்கோ."

ஊர் வாயால் ஒரு பெண் படுகிற பாட்டை விளங்கப்படுத்தப் போய், ஏற்கெனவே நாவலில் தன் ஊரில் பெயர் கெட்டிருந்தவளுக்குப் பாரிசிலும் லண்டனிலும் சேர்த்துப் பெயரைக் கெடுத்ததுதான் என் வகுப்பின் இந்த வருடப் பெறுபேறு.